வீட்டில் ஏற்கெனவே தெரு நாய் ஒன்று; இப்போது ஊரிலிருந்து சிப்பிப்பாறை நாயும் வந்து இறங்கியிருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வண்ணை வாசு · ஜூன் 8, இரவு 10.50

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீடு பழைய வண்ணாரப்பேட்டையில், முதல் மாடி. மேலே மொட்டை மாடி. பாதி எங்களுக்கு, மீதிப் பாதியில் பக்கத்து வீட்டு அண்ணனின் புறாக்கூண்டு. எங்களிடம் ஜூலி இருக்கிறாள். 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்துவிட்டுப் போன மறுநாள், விழுந்து கிடந்த முருங்கை மரத்துக்கு அடியிலிருந்து என் தம்பி தூக்கி வந்த குட்டி. அசல் தெரு நாய். எட்டு வயது தாண்டிவிட்டது. வாசற்படியில் படுத்துக்கொண்டு போகிறவர் வருகிறவருக்கெல்லாம் அட்டெண்டன்ஸ் எடுப்பதுதான் அவள் வேலை. தண்ணீர் லாரி வந்தால் தெருவுக்கே அவள்தான் முதலில் சொல்வாள்.

போன வாரம் மாமனாரை ஊரிலிருந்து அழைத்து வந்தோம். கோவில்பட்டிப் பக்கம் கரிசல் கிராமம். வரப்பில் வழுக்கி விழுந்து கால் எலும்பு முறிந்து, உள்ளே தகடு வைத்திருக்கிறது. மாமியார் இல்லை. இனிமேல் எங்களோடுதான் இருக்க வேண்டும் என்று மனைவி சொல்லிவிட்டாள். அவர் போட்ட ஒரே நிபந்தனை: "செவலையும் வரும்."

செவலை என்பது அவருடைய சிப்பிப்பாறை. ஆண், மூன்று வயது. மச்சான்தான் முத்துநகர் எக்ஸ்பிரஸில் கொண்டு வந்தான். கார்டு பெட்டியில் இருக்கும் நாய்க்கூண்டில் போட்டு, ராத்திரி முழுக்க ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இறங்கி ஓடிப்போய்ப் பார்த்துக்கொண்டே வந்தானாம். எழும்பூரில் இறக்கும்போது அந்த நாய் நடுங்கிய நடுக்கத்தைப் பார்த்து எனக்கே கால் ஆடிவிட்டது.

எனக்குத் தெரிந்தது ஜூலி மட்டும்தான். அவள் வாலை ஆட்டினால் என்ன அர்த்தம், காதை மடக்கினால் என்ன அர்த்தம் என்று தூக்கத்திலும் சொல்வேன். இவனைப் பார்த்தால் ஒன்றும் புரியவில்லை. குரைப்பதே இல்லை. சாப்பாட்டை மோந்து பார்த்துவிட்டு நகர்ந்து போகிறான். விலா எலும்பை எண்ணலாம். கீழ் வீட்டு அம்மா நேற்றே கேட்டுவிட்டார், "ஏம்ப்பா, இதுக்குச் சோறே போட மாட்டீங்களா?" இப்போதைக்கு இவன் மாமனார் அறையில், ஜூலி ஹாலில், நடுவில் கதவு. எவ்வளவு நாள் இப்படி வைத்திருப்பது? எப்படிச் சேர்ப்பது?

கொடுங்கையூர் கீதா · ஜூன் 8, இரவு 11.20

வாசு தம்பி, கதவு போட்டது நல்ல வேலை. குறைந்தது 2 வாரம் அப்படியே இருக்கட்டும். புது நாய் வயிற்றுப்போக்கோ உண்ணியோ எதைக் கொண்டு வந்திருந்தாலும் அதற்குள் தெரிந்துவிடும். அந்த நேரத்தில் ஜூலி படுக்கும் துணியை அவனிடமும் அவன் துணியை ஜூலியிடமும் மாற்றி மாற்றிப் போடுங்கள். முகம் பார்ப்பதற்கு முன்னால் வாசனை பழகட்டும்.

முதல் சந்திப்பு வீட்டுக்குள் வேண்டவே வேண்டாம். வீடு ஜூலியுடையது. விடியற்காலை 5 மணிக்கு எம்.சி. ரோட்டில் ஜவுளிக்கடை ஷட்டர் எல்லாம் இறங்கி இருக்கும். அங்கே ஆளுக்கு ஒரு நாயாகப் பிடித்துக்கொண்டு, சாலைக்கு அந்தப் பக்கம் ஒன்று இந்தப் பக்கம் ஒன்றாக ஒரே திசையில் நடங்கள். நேருக்கு நேர் விடாதீர்கள். நாளுக்கு நாள் இடைவெளியைக் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

என் கதையும் இதேதான். எங்கள் தெரு நாய் மணிக்குத் துணையாக, யாரோ காலி செய்துவிட்டுப் போன வீட்டில் விட்டுப்போன ஹஸ்கியைக் கொண்டு வந்தேன். மணியை வளர்த்த மாதிரியே அதையும் வளர்த்தேன். ஆறு மாதம் எனக்கும் அதற்கும் நரகம். அப்புறம் எழுதுகிறேன், இப்போது தூக்கம் வருகிறது.

எண்ணூர் எக்ஸ்பிரஸ் · ஜூன் 9, காலை 7.05

இவ்வளவு யோசிக்க ஒன்றுமில்லை ப்ரோ. ரெண்டையும் மொட்டை மாடியில் விட்டுக் கதவைச் சாத்துங்க. ஒரு தடவை கடித்துக்கொண்டால் யார் பெரியவன் என்று அதுங்களே முடிவு பண்ணிக்கும். சோற்றில் நெய் ஊற்றிப் போடுங்க, ஒரு மாசத்தில் விலா எலும்பு மறைந்துவிடும்.

கரிசல்காட்டான் · ஜூன் 9, காலை 9.30

எண்ணூர் அண்ணே, கோவித்துக்கொள்ளாதீர்கள், இரண்டு யோசனையும் தப்பு. 

எனக்கு ஊர் சாத்தூர்ப் பக்கம், பிழைப்புப் பெரம்பூரில். சிப்பிப்பாறை என்பதே எங்கள் விருதுநகர் மாவட்டத்தில் ஓர் ஊரின் பெயர். அந்த ஊர் பெயரே நாய்க்கும் நின்றுவிட்டது. நிறத்தை வைத்துத்தான் எங்கள் பக்கம் கூப்பிடுவோம்: செவலை, மயிலை, கருப்பு. கருப்பு உடம்பில் புருவத்திலும் காலிலும் பழுப்பு விழுந்திருந்தால் அது கன்னி. அதே வட்டாரத்தில் கன்னி ஆடு இருக்கிறது, முகத்தில் கோடு போட்ட கருப்பு ஆடு. ஆட்டுக்கும் நாய்க்கும் ஒரே சொல்தான்.

2005-இல் தபால் துறை நான்கு இந்திய நாய்களுக்கு ஸ்டாம்ப் போட்டது. தமிழ்நாட்டிலிருந்து ராஜபாளையத்துக்குத்தான் இடம் கிடைத்தது, எங்கள் ஆள் விடுபட்டுவிட்டான். அந்த வருத்தம் எனக்கு இன்னும் உண்டு, அதை விடுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். இது கண்ணால் வேட்டையாடும் நாய். தெரு நாய் மூக்கால் உலகத்தைப் பார்க்கும். இது தூரத்தில் அசைவதைப் பார்க்கும். குரைக்காது என்பது குறை இல்லை, முயல் பின்னால் ஓடுகிற நாய்க்குக் குரைத்து என்ன ஆகப் போகிறது? (அந்த முயல் வேட்டை 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இங்கே யாரும் மாமனாரிடம் கதை கேட்டுவிட்டு ஆசைப்படாதீர்கள்.) வயிறு ஒட்டி, பின்னால் இரண்டு மூன்று விலா லேசாகத் தெரிந்தால்தான் அது சரியான உடம்பு. முதுகெலும்பும் இடுப்பெலும்பும் துருத்திக்கொண்டு தெரிந்தால் மட்டும் கவலைப்படுங்கள். நெய்ச்சோறு போட்டுக் கொழுக்க வைத்தால் அந்த மெல்லிய காலுக்குத்தான் கேடு.

ஊரில் என்ன சாப்பிட்டான் என்று மாமனாரைக் கேளுங்கள். கம்பங்கூழும் மோருமாக இருக்கும். அவனுக்கு உங்கள் வீட்டு வெள்ளைச் சோறு சாப்பாடு மாதிரியே தெரிந்திருக்காது.

வண்ணை வாசு · ஜூன் 9, இரவு 9.15

அப்படியே சொல்கிறீர்களே! கம்பங்கூழ்தான். இன்று கம்பு மாவு வாங்கி மனைவி காய்ச்சினாள். தட்டை நக்கியே சுத்தம் செய்துவிட்டான். மாமனார் கட்டிலில் படுத்தபடி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, "இதை என்னிடம் முதலிலேயே கேட்டிருக்கலாமே" என்று.

காசிமேடு கட்டுமரம் · ஜூன் 10, காலை 6.40

கூழோடு மீனும் சேருங்க தலைவா, துறைமுகம் பக்கத்திலேயே இருக்குது. கவலை மீன், காணாங்கெளுத்தி எதுவாக இருந்தாலும் சரி. ஆனால் பச்சையாகப் போடாதீங்க. கவலை, மத்தி மாதிரி மீனில் பி1 வைட்டமினைத் தின்றுவிடுகிற சமாச்சாரம் ஒன்று இருக்குது, வேகவைத்தால் போய்விடும். குக்கரில் ஏழெட்டு விசில் விட்டால் முள்ளும் மாவாகிவிடும். உப்பு, மிளகாய் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பிரியாணி மிச்சத்தைப் பாசமாக வைத்துவிடாதீங்க, அதில் இருக்கிற வெங்காயம் நாய் ரத்தத்துக்கு ஆகாது.

வேப்பேரி ஊசி · ஜூன் 10, பிற்பகல் 2.10

கால்நடை மருத்துவம் கடைசி வருடம் படிக்கிறேன். சில விஷயங்கள் மட்டும்.

அவனுக்கு ஊசி போட்ட சீட்டு ஏதும் இருக்கிறதா? இல்லையென்றால் போடவே இல்லை என்று எடுத்துக்கொண்டு, வெறிநாய்த் தடுப்பூசியும் டிஸ்டெம்பர், பார்வோ அடங்கிய கூட்டு ஊசியும் போடுங்கள். கூட்டு ஊசியை 3, 4 வாரம் கழித்து இன்னொரு முறை. பூச்சி மாத்திரை இரண்டு பேருக்கும். ஜூலியின் ஊசி காலாவதி ஆகவில்லையே என்றும் பாருங்கள், பழைய நாயை எல்லோரும் மறந்துவிடுவார்கள்.

மாநகராட்சி உரிமம் ஒவ்வொரு நாய்க்கும் தனித்தனி. உரிமத்துக்கு வெறிநாய் ஊசிச் சான்று வேண்டும், மைக்ரோசிப்பும் வேண்டும். சிப் என்றதும் பயப்படாதீர்கள், அரிசி மணி அளவுதான், உள்ளே 15 இலக்க எண் மட்டும்.

இன்னொன்று. கருத்தடைக்கோ வேறு எதற்கோ மயக்க மருந்து கொடுக்க நேர்ந்தால், "இது சிப்பிப்பாறை" என்று முதலிலேயே சொல்லுங்கள். கிரேஹவுண்ட் மாதிரிக் கொழுப்பே இல்லாத ஓட்டக்கார நாய்கள் தயோபென்டால் வகை மயக்க மருந்திலிருந்து எழுந்திருக்க ரொம்ப நேரம் எடுக்கும். இப்போது வேறு நல்ல மருந்துகள் இருக்கின்றன. டாக்டருக்குத் தெரிந்திருந்தால் போதும்.

வண்ணை வாசு · ஜூன் 17, இரவு 11.45

ஒரு கெட்ட செய்தி, அதில் ஒரு வேடிக்கை.

காலை நடை நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நான் செவலை, தம்பி ஜூலி. நேற்று வெறும் பத்தடி இடைவெளி. இன்று சாயங்காலம் செவலையை மட்டும் கீழே கூட்டிப் போனேன். ஜூலியின் பழைய கழுத்துப்பட்டைதான், ஓட்டை பார்த்துச் சரியாகத்தான் போட்டிருந்தேன். ஒரு ஷேர் ஆட்டோ சைலன்சர் வெடித்தது. முன்னால் இழுத்திருந்தால் பிடித்திருப்பேன். இவன் பின்னால் நகர்ந்தான். தலையைத் தாழ்த்தி, காதை ஒட்டவைத்து, டீ ஷர்ட்டைக் கழற்றுகிற மாதிரி ஒரே உருவு. என் கையில் கயிறும் பட்டையும் அப்படியே தொங்குகிறது, நாய் இல்லை.

அவன் ஓடியதை நான் பார்க்கவே இல்லை. தெரு முனையில் ஒரு செவலை நிறம் திரும்பியதுதான் தெரிந்தது. நான், தம்பி, கேரம் கிளப் பையன்கள் என்று எட்டுப் பேர் பைக்கில் தேடினோம். ரயில்வே கேட் பக்கம் போயிருப்பானோ என்று நினைத்து நினைத்து எனக்கு வயிறு கலங்கிவிட்டது. முக்கால் மணி நேரம். கடைசியில் ஒரு பையன் போன் செய்தான்: "அண்ணே, கறிக்கடை வாசல்ல நிக்கிறான்."

அடித்துப் பிடித்து ஓடினேன். ஏதாவது ஆட்டைக் குதறியிருந்தால் யார் காசு கொடுப்பது? போய்ப் பார்த்தால், கடை ஓரத்தில் நாலு ஆடு கட்டியிருக்கிறது. அந்த நாலுக்கு நடுவில் இவன் நிற்கிறான். ஓர் ஆடு இவன் முதுகில் தாடையை வைத்துக்கொண்டு அசை போடுகிறது. எழும்பூரில் பார்த்த அந்த நடுக்கம் இல்லை. கடைக்கார பாய் சொன்னார், "வந்தான், மோந்தான், நின்னுட்டான். நானும் விட்டுட்டேன்." தூக்கிக்கொண்டுதான் வந்தேன், வர மனசே இல்லை அவனுக்கு.

கரிசல்காட்டான் · ஜூன் 18, காலை 8.00

இதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். கிடையில் வளர்ந்தவன் அவன். ஆட்டுக்கு நடுவில் படுத்து எழுந்திருப்பான். உங்கள் ஊரில் அவனுக்குத் தெரிந்த வாசனை அது ஒன்றுதான்.

பட்டை விஷயம்: இந்த நாய்க்குத் தலையும் கழுத்தும் ஏறக்குறைய ஒரே சுற்றளவு. சாதாரணப் பட்டை நிற்காது. மார்ட்டிங்கேல் என்று கேளுங்கள். அகலமான துணிப்பட்டை, இழுத்தால் கொஞ்சம் மட்டும் இறுகி நின்றுவிடும், கழுத்தை நெரிக்காது. கூடவே மார்புப்பட்டையும் போட்டு இரண்டு கயிறு பிடியுங்கள், இரண்டு மாதத்துக்காவது.

கொடுங்கையூர் கீதா · ஜூன் 18, காலை 10.25

அன்றைக்குப் பாதியில் விட்ட ஹஸ்கி கதை இதுதான். மணி எப்போதாவது அவிழ்த்துக்கொண்டு ஓடினால் ராத்திரி சாப்பாட்டுக்கு வந்துவிடுவான். அதனால் ஹஸ்கி ஓடியபோதும் நான் தேடவே இல்லை. "பசித்தால் வரும்" என்றேன். அது மாதவரம் பக்கம் போய்விட்டது. இரண்டு நாள் கழித்து யாரோ படம் போட்டதால் கிடைத்தது. தெரு நாய்க்குத் தெரு தெரியும். இதுகளுக்கு ஓடத் தெரியும், திரும்பத் தெரியாது. அதில் நான் செய்த தப்பு நாயுடையது இல்லை, மணியை வைத்து இதை எடை போட்டதுதான்.

போன் நம்பர் எழுதிய பட்டை ஒன்றும் கழுத்தில் கிடக்கட்டும் தம்பி.

வண்ணை வாசு · ஜூன் 27, இரவு 10.30

மார்ட்டிங்கேல் வாங்கியாயிற்று. போன நான்கு நாளாக இரண்டும் ஹாலில் ஒன்றாக இருக்கின்றன. ஜூலி அவனைக் கண்டுகொள்வதில்லை, அவனும் அவளைச் சுற்றிக்கொண்டு போய்விடுவான். நிம்மதியாக இருந்தேன்.

இன்று சண்டை. எதற்கு என்று நினைக்கிறீர்கள்? சாப்பாட்டுக்கு இல்லை, தட்டு தனித்தனி அறையில்தான் வைக்கிறோம். மாமனார் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டியிருந்தார். அந்தக் காலடியில் ஜூலி போய்ப் படுத்தாள். பத்து நாளாக மாமனார் அவளுக்கு ரகசியமாக பிஸ்கட் கொடுத்து வந்திருக்கிறார், எங்களுக்கே இன்றுதான் தெரியும். செவலை வந்தான், நின்றான், பார்த்தான். உறுமல்கூட இல்லை. ஜூலிதான் பாய்ந்தாள். மூன்று விநாடி இருக்கும். அவன் காது நுனி கிழிந்துவிட்டது. அரை அங்குலக் கிழிசல்தான். ஆனால் அவன் தலையை உதறிய உதறலில் சுவர், டிவி, காலண்டர், மாமனார் வேட்டி எல்லாவற்றிலும் குங்குமம் தெளித்த மாதிரிப் புள்ளி புள்ளியாக ரத்தம். மகள் அழுகை. நடுவில் கையை விட்டதில் எனக்கும் ஒரு பல் பதிந்துவிட்டது. யாருடைய பல் என்று தெரியவில்லை.

வேப்பேரி ஊசி · ஜூன் 27, இரவு 10.42

முதலில் உங்கள் கை. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள், கடிகாரம் பார்த்து. கட்டுப் போடாதீர்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள். ஸ்டான்லி உங்களுக்குப் பக்கம்தானே, இப்போதே போங்கள். நம் வீட்டு நாய், ஊசி போட்ட நாய் என்று நாள் கடத்தாதீர்கள். ஊசி போடச் சொன்னால் அது 0, 3, 7, 28-ஆம் நாள் கணக்கு. நாலையும் முடியுங்கள், இரண்டோடு நிறுத்துகிறவர்கள்தான் அதிகம்.

காது நுனியில் தோல் மெல்லியது, உதற உதற நிற்காது. சுத்தமான துணி வைத்துக் காதைத் தலையோடு மடித்து, பழைய சாக்ஸின் முனையை வெட்டித் தலைவழியாக மாட்டிவிடுங்கள். காலையில் டாக்டரிடம் காட்டலாம்.

கொடுங்கையூர் கீதா · ஜூன் 28, காலை 6.50

சண்டையில் கையை விடாதீர்கள் தம்பி. பிளாஸ்டிக் நாற்காலியை நடுவில் தள்ளுங்கள், இல்லையென்றால் ஒரு வாளித் தண்ணீர். நாய்கள் சோற்றுக்குச் சண்டை போடும் என்று நாம் தட்டைப் பிரிக்கிறோம், ஆளைப் பிரிக்க மறந்துவிடுகிறோம். மாமனாருக்குச் சொல்லுங்கள்: கொடுத்தால் இரண்டுக்கும் தெரிய, தள்ளித் தள்ளி உட்காரவைத்துக் கொடுக்கட்டும். ரகசியம்தான் வினை.

எண்ணூர் எக்ஸ்பிரஸ் · ஜூன் 28, காலை 9.10

நான் சொன்ன மாதிரி மாடியில் விட்டிருந்தால் காது மட்டும் போயிருக்காதுன்னு இப்போ புரியுது. வாபஸ். கை எப்படி இருக்கு ப்ரோ?

வண்ணை வாசு · ஜூன் 28, இரவு 8.20

ஸ்டான்லியில் ராத்திரியே ஊசி போட்டுவிட்டார்கள். கை பரவாயில்லை. சாக்ஸ் மாட்டிய செவலையைப் பார்த்து ஜூலியே குழம்பிப்போய் மோந்து பார்த்தாள். நன்றி.

வண்ணை வாசு · ஜூலை 19, மாலை 5.00

வேறொரு சந்தேகம். இரண்டு நாள் கூழ் குடிக்காமல் படுத்திருந்தான். பக்கத்தில் ஒரு கிளினிக்கில் ரத்தம் எடுத்தார்கள். தட்டணு (பிளேட்லெட்) குறைவு, உண்ணிக் காய்ச்சல் என்று சொல்லி, உடம்பைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் ஒரு மாத மாத்திரை, மூன்று ஊசி, பெரிய பில். வீட்டுக்கு வந்து மாமனார் வாயைத் திறந்து பார்த்தார்: கடைவாய்ப் பல் இடுக்கில் மீன் முள்.

காசிமேடு கட்டுமரம் · ஜூலை 19, மாலை 5.30

எத்தனை விசில் விட்டீங்க?

வண்ணை வாசு · ஜூலை 19, மாலை 5.34

மூன்று. கேஸ் தீர்ந்துபோச்சு.

வேப்பேரி ஊசி · ஜூலை 19, இரவு 9.00

முள்ளை எடுத்ததும் சாப்பிட்டானா? அதுதான் முதல் பதில். உண்ணிக் காய்ச்சல் சென்னையில் சர்வ சாதாரணம், அதனால் அலட்சியமும் வேண்டாம். ஆனால் கிரேஹவுண்ட் வகை நாய்களுக்கு இயல்பிலேயே தட்டணு மற்ற நாய்களை விடக் குறைவாகவும் சிவப்பணு கூடுதலாகவும் இருக்கும். எண்ணை மட்டும் பார்த்து மருந்து கொடுக்காமல், ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி மைக்ரோஸ்கோப்பில் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். வேப்பேரி கல்லூரி மருத்துவமனைக்கோ, மாதவரம் பால் பண்ணைப் பக்கம் இருக்கும் பல்கலைக்கழக மருத்துவமனைக்கோ காலையிலேயே வந்துவிடுங்கள். நல்லா இருக்கும் நாளில் ஒரு தடவை ரத்தம் எடுத்து அந்தச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். அவனுடைய இயல்பு எது என்று அப்போதுதான் தெரியும்.

வண்ணை வாசு · ஜூலை 22, இரவு 9.40

வேப்பேரி போய் வந்தோம். தகட்டில் எதுவும் இல்லை. முழங்கையில் தோல் தடித்திருப்பதைப் பார்த்து, மொசைக் தரையில் படுக்கவிடாதீர்கள் என்றார்கள். ஜூலிக்குத் தரைதான் சொர்க்கம் என்பதால் இவனுக்கும் அப்படி என்று நினைத்திருந்தேன். சாக்கை மடித்துப் போட்டு, மேலே பழைய போர்வை. இப்போது ஜூலியும் அதில்தான் படுக்கிறாள்.

புறா பிரியன் வியாசை · ஆகஸ்ட் 3, காலை 11.15

இந்த இழையை ஆரம்பத்திலிருந்து படிக்கிறேன். முதல் பதிவிலேயே மாடியில் புறாக்கூண்டு என்று எழுதியிருக்கிறீர்கள். இத்தனை பேர் பதில் எழுதியும் ஒருத்தர்கூட அதைக் கேட்கவில்லையே! ஹோமர் புறா பறந்து போய்விடும். கர்ணப் புறா கர்ணம் அடித்துத் தரைக்கு வரும், சில சமயம் இறங்கியதும் ஒரு நொடி தடுமாறும். கண்ணால் வேட்டையாடும் நாய்க்கு அந்த ஒரு நொடி போதும். கம்பி வலை அடியுங்கள்.

வண்ணை வாசு · ஆகஸ்ட் 11, இரவு 11.00

வியாசை அண்ணா, உங்கள் பதிவை அன்றே படித்தேன். அடுத்த ஞாயிறு வலை அடிக்கலாம் என்றிருந்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் துணி எடுக்க மாடிக்குப் போன மகள் கதவைச் சாத்தவில்லை. நானும் பின்னாலேயே ஏறினேன். மேலே அண்ணன் கொடி ஆட்டிக்கொண்டிருந்தார், புறா மேலே சுற்றுகிறது. செவலை படியேறி வந்து நின்றான். நின்றான் என்றால் ஒரு காலைத் தூக்கியபடி, வால்கூட அசையாமல். நான் கூப்பிடுகிறேன், காதே திரும்பவில்லை. ஒரு கர்ணப் புறா இறங்கித் தளத்தில் கால் வைத்தது. இடையில் பத்துப் பன்னிரண்டு அடி இருக்கும். அவன் போனதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. இங்கே இருந்தான், அங்கே இருந்தான். புறாவைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்துவிட்டு முகத்தைப் பார்த்தான். ஜூலி எட்டு வருடமாக அந்தப் புறாக்களுக்கு நடுவில் தூங்கியிருக்கிறாள்.

அண்ணன் ஒன்றும் பேசவில்லை. எடுத்துத் துணியில் சுற்றிக்கொண்டு கூண்டுப் பக்கம் போய்விட்டார். நான் காசு கொடுத்தேன், வாங்கவில்லை. என் மேல்தான் தப்பு, நாய் மேல் இல்லை.

புறா பிரியன் வியாசை · ஆகஸ்ட் 12, காலை 7.20

காசு கொடுக்காதீர்கள், அது அவமானம். நாலு நாள் கழித்து ஒரு நல்ல ஜோடிக் குஞ்சு வாங்கிக் கொண்டுபோய்க் கொடுங்கள். எங்கே கிடைக்கும் என்று தனிச் செய்தியில் சொல்கிறேன்.

வண்ணை வாசு · ஆகஸ்ட் 24, இரவு 8.45

குஞ்சை வாங்கிக்கொண்டார். வலையை அவரே அளவெடுத்து, அவரே அடித்தார், என்னை ஆணி மட்டும் பிடிக்கச் சொன்னார். கதவுக்கு ஸ்பிரிங் போட்டாயிற்று, திறந்தால் தானே மூடும். முடித்துவிட்டுக் கீழே வந்தவர் செவலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "என்னா ஸ்பீடுடா இவன்" என்றார். அவ்வளவுதான் பேசினார்.

வண்ணை வாசு · செப்டம்பர் 21, இரவு 10.10

ரொம்ப நாளாக எழுதவில்லை. மாமனார் கம்பு ஊன்றி நடக்கிறார். போன வாரம் புரட்டாசி பிறந்ததிலிருந்து வானத்தைப் பார்ப்பதும் ஊருக்குப் போன் போடுவதுமாக இருந்தார். நேற்றுச் சொல்லிவிட்டார்: விதைப்புக்குப் போகிறேன், இனி அங்கேதான். மனைவி அழுது பார்த்தாள், நடக்கவில்லை.

சரி, செவலைக்கு முத்துநகரில் கூண்டு புக் பண்ண வேண்டுமே என்று கேட்டேன். வேண்டாம் என்றார். போர்வையில் இரண்டும் முதுகோடு முதுகு ஒட்டிப் படுத்திருந்தன. "அவன் பின்னால ஓட இனிமே எனக்கு ஏது மாப்ளே கால்" என்றார். ஊரில் ஒரு குட்டிக்குச் சொல்லி வைத்திருக்கிறாராம், அது வளர்வதற்குள் இந்தக் கால் தேறிவிடுமாம்.

கேள்வி இதுதான். செவலைக்கு இன்னும் உரிமம் எடுக்கவில்லை. அவர் பெயரில் எடுப்பதா, என் பெயரிலா? அவர் பெயரில்தான் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

வேப்பேரி ஊசி · செப்டம்பர் 21, இரவு 10.35

முகவரிச் சான்று யாருடையதோ அவர் பெயர்தான் அண்ணா. உங்கள் பெயர்.

வண்ணை வாசு · செப்டம்பர் 22, காலை 9.50

சரி. போட்டுவிட்டேன். மாமனார் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதியது. பெயர்: செவலை. நிறம்: செவலை.